கீழ்த்துறைக்குத் திரும்பிய மீன்கள்

மழை விட்டும் விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்தப் பெண் வந்தாள். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியில் சரிந்தாள். மஞ்சள்காமாலையில் படுத்து எழுந்தவள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆற்று மீன்களைக் கணக்கெடுக்கும் நிலையத்தில் ஆராய்ச்சியாளராக இருப்பதாகச் சொன்னாள்.

எதிரே வக்கீல் இருந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றி வெகு காலமாகியும் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது; துப்புத் துலக்குகிறவர் என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை. அவருக்குப் பக்கத்தில் அவருடைய உதவியாளர் அவசரம். பத்திரிகையில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர். பாதி கேட்டதும் முழுத் தீர்ப்பையும் சொல்லிவிடும் பழக்கம் இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, வேலை ஒட்டவில்லை.

"ஆறு பிழைச்சிடுச்சுன்னு எங்க நிலையம் எழுதிக் குடுத்திருக்கு சார்," என்றாள் அவள். "அது பொய்."

விஷயம் இதுதான். நிலையம் ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு இடங்களில் வலை போடும். சாய ஆலைக்கு மேலே இருப்பது மேல்துறை. அங்கே தண்ணீர் நன்றாக இருக்கும், மீனும் வகைவகையாகக் கிடைக்கும். ஆலைக் கழிவு கலக்கும் இடத்துக்குக் கீழே இருப்பது கீழ்த்துறை. அங்கே பல வருஷமாக வலை வெறுமையாகத்தான் வந்தது. அவள் காமாலையில் கிடந்தபோது எடுத்த கணக்கில் மட்டும் கீழ்த்துறையிலிருந்து ஒரு பாட்டில் நிறைய மீன் வந்திருந்தது. அதை நம்பி, அங்கிருந்தே தண்ணீர் எடுத்துக் கீழ்த்தெருக்களுக்குக் குழாயில் விடுவதென்று குடிநீர் அலுவலகம் முடிவு செய்துவிட்டது. நாளைக்குத் திறப்பு. அவளுடைய அக்கா கீழ்த்தெருவில்தான் குடியிருக்கிறாள், கைக்குழந்தைப் பருவம் இப்போதுதான் தாண்டிய மகளோடு.

உடம்பு தேறியதும் அவளே போய்க் கீழ்த்துறையில் வலை போட்டுப் பார்த்தாளாம். ஒரு செதில்கூட இல்லை. நிலையத் தலைவரிடம் சொன்னதற்கு, மீன் என்ன உனக்காகக் காத்துக்கொண்டு நிற்குமா என்று கேட்டாராம். குடிநீர்ப் பொறியாளர் ஆதாரம் கொண்டு வா என்று சொல்லிவிட்டார்.

"ஆலைக்காரன் வேலை சார் இது," என்றார் அவசரம். "பட்டப்பகல் மாதிரி தெரியுது."

"வெளியில மேகமா இருக்கு," என்றார் வக்கீல். "போய்ப் பார்த்துட்டுச் சொல்லலாம்."

நிலையம் ஆற்றங்கரையில் ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். உள்ளே நுழைந்ததுமே, மீன் கெடாமல் இருக்க ஊற்றிவைக்கும் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. அலமாரிகளில் பாட்டில் பாட்டிலாக மீன்கள், வெளுத்துப்போய், எதையும் பார்க்காத கண்களோடு. ஜன்னலுக்கு வெளியே ஆறு தெரிந்தும் தெரியாத ஊதாச் சாயலில் போய்க்கொண்டிருந்தது.

தலைவர் நரைத்த தலையோடு, தூக்கம் கெட்ட முகத்தோடு வரவேற்றார். வேலை நடந்த விதத்தை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பெரிய கண்ணியும் சின்னக் கண்ணியும் சேர்த்துப் பின்னிய வலைகளைச் சாயங்காலம் இரண்டு துறைகளிலும் கட்டுவார்கள். காலையில் முதலில் மேல்துறை, பிறகு கீழ்த்துறை. பிடிபட்ட மீனைப் பிடித்த இடத்திலேயே ஃபார்மலினில் போட்டு, பாட்டிலை அரக்கு வைத்து மூடுவார்கள். இந்த முறையும் அப்படித்தான்.

நிலையத்தின் படகோட்டியும் அதையேதான் சொன்னார். மேல்துறையில் வலையை இழுத்தது அவர், மீனைக் கழற்றிப் பாட்டிலில் போட்டது தலைவர். கீழ்த்துறையில் கரையோரம்தான் வலை என்பதால், தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லித் தலைவர் அவரைப் படகைக் கட்டப் போகச் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஆலை அதிகாரியையும் வரவழைத்திருந்தார்கள்; தான் கீழ்த்துறைக்கு வந்து சேர்ந்தபோது பாட்டில் அரக்கோடு இருந்தது என்றார் அவர்.

அவசரத்துக்கு இது போதவில்லை. ஒரு நடை சந்தைக்குப் போய்விட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். வலை கட்டிய அன்றைக்கு ஆலை அதிகாரி உயிர் மீன் வாங்கிப் போனதை மீன்காரம்மா கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறாளாம். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்கு மாமனார் வந்திருந்தார், குழம்புக்கு வாங்கினேன் என்று அவர் சொன்னதை அவசரம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வக்கீல் அதற்குள் இரண்டு பாட்டில்களையும் திறக்கச் சொல்லி, மீன்களை வெள்ளைத் தட்டுகளில் தனித்தனியாகப் பரப்பச் சொன்னார். அந்தப் பெண்தான் இடுக்கியால் எடுத்து வைத்தாள். கீழ்த்துறைத் தட்டில் கெண்டையும் கெளுத்தியும் விராலும் இன்னும் சில வகைகளும் இருந்தன. எல்லாமே வாயைப் பிளந்து, செவுள் விரிந்து கிடந்தன. மேல்துறைத் தட்டிலும் அதே வகைகள்தான். அங்கே வாய்கள் மூடியிருந்தன. விரல் நீளம்கூட இல்லாத அயிரை மீன்கள் மட்டும் அந்தத் தட்டில் வாய் பிளந்து கிடந்தன. வக்கீல் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"இந்த மீன் ஏம்மா வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"உயிரோட ஃபார்மலின்ல போட்டா மூச்சுக்குத் தவிச்சு அப்படி ஆயிடும் சார். வலையிலேயே செத்ததுன்னா வாய் மூடியிருக்கும்."

"சரி. முதல்ல சந்தை மீனைத் தள்ளிடுவோம். இதோ, எல்லா மீனுக்கும் தலைக்குப் பின்னால நூல் அறுத்த கோடு இருக்கு. கண்ணியில மாட்டித் திமிறின மீன். சந்தைக்கு வர்றது குளத்து மீன், அதை வலையால வளைச்சு அள்ளுறாங்க, கண்ணியில மாட்டாது, இந்தக் கோடு விழாது. ஆலைக்காரர் மாமனாருக்குத்தான் வாங்கியிருக்கார்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். அவசரம் கூரையைப் பார்த்தார்.

"ராத்திரி முழுக்கக் கிடந்த வலையில கொஞ்சம் செத்திருக்கும், கொஞ்சம் உயிரோட இருக்கும்," என்று தொடர்ந்தார் வக்கீல். "நல்ல தண்ணியிலயே அப்படித்தான். ஆனா அயிரையை விட்டுட்டுப் பார்த்தா, நல்ல தண்ணியில இருந்தது எல்லாம் செத்த மீன், சாயத்தண்ணியில இருந்தது எல்லாம் உயிர் மீன். நம்பற மாதிரியா இருக்கு? இது ரெண்டு வலையோட மீன் இல்லை. மேல்துறை வலை ஒண்ணுலேருந்தே எடுத்து, உயிரோட இருந்ததை ஒரு பாட்டில்லயும் செத்ததை இன்னொண்ணுலயும் போட்டிருக்காங்க."

"எதுக்காகப் பிரிக்கணும்?" என்றார் அவசரம். "பாதிப் பாதியா அள்ளிப் போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"கீழ்த்துறையில செத்த மீன் இருந்தா, மேலேருந்து மிதந்து வந்து வலையில சிக்கினதுன்னு சொல்லிடுவாங்க. அந்தத் தண்ணியில வாழ்ந்ததுன்னு காட்ட உயிர் மீன்தான் வேணும். இவ்வளவு தூரம் யோசிக்க, மீனைப் பத்தின அறிக்கையை எப்படிக் கேள்வி கேப்பாங்கன்னு தெரிஞ்சிருக்கணும். படகோட்டிக்கு அந்தக் கவலை கிடையாது."

வக்கீல் மேல்துறைத் தட்டை முன்னால் இழுத்தார்.

"அயிரைதான் எனக்கு உறுதியாச் சொல்லுச்சு. அதுவும் உயிரோட இருந்தது, ஆனா கீழ்த்துறைப் பாட்டிலுக்குப் போகலை. ஏம்மா?"

அவள் தலைவரைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "கெட்டுப்போன ஆறு தேறி வந்தா, கடைசியாத் திரும்பற மீன் அது. கீழ்த்துறையில அயிரைன்னு எழுதியிருந்தா பார்த்த உடனே சிரிச்சிருப்பாங்க. எனக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே சார்தான்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மறுக்கவில்லை. இந்தப் பருவமும் கீழ்த்துறை வெறுமையாக இருந்தால் நிலையத்தை மூடிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்ததாம். செத்த ஆற்றுக்குக் காவல் எதற்கு என்று கேட்டார்களாம். நிலையம் போனால் மேல்துறையைப் பார்க்க ஆளிருக்காது. ஆலை இன்னொரு குழாயை அங்கேயும் இறக்கும், மிச்சமிருக்கும் மீனும் போகும். ஒரு பருவம் தாக்குப் பிடித்தால் போதும் என்று நினைத்துச் செய்தாராம்.

"தண்ணிக் குழாய் விஷயம் அப்ப எனக்குத் தெரியாது," என்றார். "தெரிஞ்சப்புறம் சொல்ல வாய் வரலை. மீனுக்காகத்தான் செஞ்சேன்மா. உன் அக்கா அங்கே இருக்காங்கன்னு சத்தியமா தோணலை."

அவர் பொய் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதனால்தான் அவரைத் திட்டக்கூட யாராலும் முடியவில்லை.

வக்கீல் குடிநீர்ப் பொறியாளருக்குப் போன் போட்டுத் தலைவரையே பேசச் சொன்னார். தலைவர் தட்டுத் தடுமாறி உண்மையைச் சொன்னார். பொறியாளரின் பதிலைக் கேட்கக் கேட்கத் தலைவரின் முகம் வெளிறியது. திறப்பு விழாதான் நாளைக்கு. குழாய்கள் தாங்குமா என்று பார்க்க நேற்றே தண்ணீரை விட்டுவிட்டார்களாம். இப்போதே நிறுத்துகிறேன் என்று சொல்லிப் பொறியாளர் போனை வைத்துவிட்டார்.

அந்தப் பெண் உடனே அக்காவைப் போனில் கூப்பிட்டாள். அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டதாம், அண்டா குண்டான் எல்லாம் நிரப்பிவிட்டாளாம், தங்கச்சி எழுதிக் குடுத்துத்தான் வந்ததென்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டதாம்.

"அக்கா, அதைக் கொட்டிடு. யாரும் குடிக்காதீங்க."

"ஏண்டி? நீதானே நல்ல தண்ணின்னு எழுதினே?"

தலைவர் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"நான் அவங்க தலைவர் பேசறேன்மா. அவங்க எதுவும் பண்ணலை. அந்த மீனைக் கீழ்த்துறையில வெச்சது நான்தான்."

"எந்த மீனுங்க?" என்றாள் அக்கா. "மீனெல்லாம் எனக்குத் தெரியாது. பாப்பா நேத்துலேருந்து இந்தத் தண்ணியைத்தான் குடிக்குது. அதுக்கு ஏதாவது ஆகுமா, ஆகாதா? அதைச் சொல்லுங்க."

தலைவர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். மறுமுனையில் அக்கா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.