நாலாவது காப்பு

நாங்கள் அந்தக் குடோனுக்குப் போய்ச் சேர்ந்தபோது சனிக்கிழமை மாலை ஐந்து மணி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில், கருவேலங்காட்டுக்கு நடுவே தனியாக நிற்கிற கட்டடம் அது. எங்களோடு வந்த யுவராணியின் அப்பா பருத்தி மூட்டை அடுக்க வாங்கிப் போட்டது. சன்னல் கிடையாது. உச்சியில் ஒரு காற்றுத்துளை, முன்னால் ஒரு இரும்பு ஷட்டர், அவ்வளவுதான். உள்ளே நுழைந்ததும் பருத்திக்கொட்டை வாசனை மூக்கில் ஏறியது.

"ஏலே ஜெயக்குமாரு, ஜெயிலு கூட இதவிடக் காத்தோட்டமா இருக்கும்லே," என்றான் மாரிச்செல்வம். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பான்.

வந்தது நல்ல காரியத்துக்குத்தான். எங்கள் கூட்டாளி கருத்தப்பாண்டி எட்டு நாளைக்கு முன் காரியாபட்டிப் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். தலையில் ஆபரேஷன் செய்ய வேண்டும். அவனையும் சேர்த்து நாங்கள் நாலு பேரும் ஃபோனில் ஒரே அணியாகத் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவர்கள். இருபத்துநாலு மணி நேரம் விடாமல் ஆடுவது, அதை நேரலையாகக் காட்டுவது, பார்க்கிறவர்களிடம் ஆபரேஷனுக்கு உதவி கேட்பது என்று முடிவானது. பாதியில் எழுந்து போக மாட்டோம் என்று ஜனங்கள் நம்ப வேண்டுமே? ஷட்டரை வெளியிலிருந்து பூட்டச் சொன்னது நான்.

காப்புக் கட்டியதும் நான்தான்.

எங்கள் பக்கத்தில் அம்மன் கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டிக்கொண்டால் எல்லை தாண்டக் கூடாது. கட்டிவிட்டவர் கையாலேயே அவிழ்க்கவும் வேண்டும். கேமராவுக்கு எடுப்பாக இருக்கும் என்று மஞ்சள் நூலில் மஞ்சள் துண்டு வைத்து இரண்டு பேருக்கும் கட்டினேன். எனக்கு மாரிச்செல்வம் கட்டிவிட்டான். பழக்க தோஷத்தில் நூலை நாலாக நறுக்கியிருந்தேன். மிச்சமிருந்ததை நாலாவது நாற்காலியின் கைப்பிடியில் கட்டினேன். அந்த நாற்காலியில் திரை நொறுங்கிய கருத்தப்பாண்டியின் ஃபோன் இருந்தது. "அவன் பொருளும் உங்க கூட இருக்கட்டும்யா," என்று அவன் அக்கா தங்கத்தாய் கொடுத்துவிட்டது.

"இது கருத்தப்பாண்டிக்கு," என்று பேர் சொல்லியே முடிச்சுப் போட்டேன்.

"ஆளில்லாம பேரு சொல்லிக் கட்டக் கூடாது ஜெயா," என்றாள் யுவராணி, மெதுவாக.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பேய்க்குப் பயப்படுகிறவர்கள் இருட்டைத்தான் பார்ப்பார்கள். ராத்திரி எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரே பார்த்தது, வெளிநாட்டிலிருந்தெல்லாம் உதவி வந்தது. விடிந்ததும்தான் குடோன் சூடேற ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சுவரில் கை வைக்க முடியவில்லை. வேர்வை, பருத்திக்கொட்டை, மஞ்சள் எல்லாம் கலந்த ஒரு நெடி.

உச்சிப்பொழுது நெருங்கும்போது தங்கத்தாய் அக்கா ஃபோனில் கூப்பிட்டது.

"போயிட்டான்யா," என்றது. அதற்கு மேல் அதனால் பேச முடியவில்லை.

மாரிச்செல்வம் நேரலையை நிறுத்தினான். கொஞ்ச நேரம் மூன்று பேரும் அழுதோம். பிறகு யுவராணி, எங்களை வைத்துப் பூட்டிவிட்டுப் போன தன் அண்ணன் ராஜகுருவுக்கு ஃபோன் போட்டாள். அவர் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். வெளியே பூட்டுத் திறக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஷட்டர் ஏறவில்லை.

"பூட்டத் திறந்துட்டேன் தாயி, மேல ஏற மாட்டேங்குது!" என்று கத்தினார். நாலைந்து பேரைக் கூட்டிவந்து கடப்பாரை போட்டு நெம்பினார். நாங்களும் உள்ளிருந்து தூக்கினோம். ஒரு விரற்கடை கூட அசையவில்லை.

அப்போதுதான் பின்னால் வெளிச்சம் தெரிந்தது.

நாலாவது நாற்காலியில் இருந்த ஃபோனின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு நாங்கள் சார்ஜ் போடவே இல்லை.

எங்கள் மூன்று ஃபோனிலும் ஒரே நேரத்தில் அறிவிப்பு வந்தது. கருத்தப்பாண்டி அணியில் சேர்ந்துவிட்டான்.

அடுத்து ஒரு செய்தி.

'ஏலே, ஏன்டா நிறுத்துனீங்க? என் ஆபரேசனுக்கு இன்னும் ஆறு மணி நேரம் ஆடணும்ல.'

யுவராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவனுக்குத் தெரியலடா," என்று மாரிச்செல்வம் கிசுகிசுத்தான். "செத்தது அவனுக்குத் தெரியல."

நான் நாற்காலியைப் பார்த்தேன். கைப்பிடியில் நான் கட்டிய நூல் அங்கே இல்லை.

ஒரு சாண் உயரத்தில் இருந்தது. எதன் மீதும் படாமல், வளையல் போல வட்டமாக, மஞ்சள் துண்டு கீழே தொங்க, வெறும் காற்றில் நின்றது.

ஒரு மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில்.

"ஆடுங்கடா," என்றாள் யுவராணி. "ஆறு மணிக்கு முடிச்சிட்டு எல்லார் காப்பையும் அவுத்துரு ஜெயா. அவனுக்கும் நீதான் அவுக்கணும். அப்பத்தான் எல்லாரும் போக முடியும்."

நேரலையை மறுபடி போட்டோம். செத்துப்போனவனோடு ஆறு மணி நேரம் ஆடினோம். எப்போதும் போல அவன் எங்களுக்கு முன்னால் ஓடினான். எனக்கு அடிபட்டபோது ஓடிவந்து தூக்கிவிட்டான். காற்றில் அந்த நூல் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெளியே கடப்பாரைச் சத்தம், உள்ளே துப்பாக்கிச் சத்தம். தண்ணீர் மூன்று மணிக்கே தீர்ந்துவிட்டது.

ஆறு அடித்தது. விளையாட்டு முடிந்தது.

யுவராணிக்கு அவிழ்த்தேன். மாரிச்செல்வத்துக்கு அவிழ்த்தேன். அவன் எனக்கு அவிழ்த்துவிட்டான். கடைசியாக நாற்காலிப் பக்கம் போனேன். முடிச்சைத் தொட்டேன்.

நூலுக்கு அடியில் சில்லென்று இருந்தது.

துடித்தது.

அதே நேரம் முதுகுக்குப் பின்னால் ஷட்டர் தானாக மேலே ஏறியது. வெயில் உள்ளே விழுந்தது. நான் முடிச்சை விட்டுவிட்டு ஓடினேன். சாலைக்கு வந்துதான் நின்றேன். திரும்பிப் போக எனக்குத் துணிவில்லை. மாரிச்செல்வம் மட்டும் உள்ளே எட்டி அந்த ஃபோனை எடுத்துவந்தான். ராஜகுரு அண்ணன் ஷட்டரை இறக்கிப் பூட்டினார்.

மறுநாள் கருத்தப்பாண்டியை எரித்தபோது அந்த ஃபோனையும் அவன் நெஞ்சில் வைத்தே எரித்தோம். என் கண்ணால் பார்த்தேன்.

நாலு மாதமாகிறது. அந்த விளையாட்டை என் ஃபோனிலிருந்து அழித்துவிட்டேன். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணியானால் அது தானாகத் திறந்துகொள்கிறது. அணியில் கருத்தப்பாண்டி மட்டும் காத்துக்கொண்டிருப்பான். இன்றைக்கும் செய்தி வந்தது.

'ஏலே ஜெயா, ஆட்டம் முடிஞ்சிருச்சுல்ல. எல்லாருக்கும் அவுத்துவிட்டுட்டு, எனக்கு மட்டும் ஏன்டா அவுக்கல?'