இரண்டாவது கம்பம்

"கத்தரி, கல், துணி!"

துஹோ கல் காட்டினான். யேரின் கத்தரி. தோற்றுவிட்டாள். தொடர்ந்து எட்டாவது நாள்!

"இந்தா, பிடி!" தன் பள்ளிப் பையை அவள் தோளில் மாட்டிவிட்டான் துஹோ. தோற்றவர் அடுத்த மின்கம்பம் வரை சுமக்க வேண்டும்.

கம்பம் வந்தது. யேரின் நிற்கவில்லை.

"ஏய், கம்பம் தாண்டிட்டே. பையைக் குடு."

"இன்னொரு கம்பம் வரைக்கும் நானே தூக்குறேன்."

"உனக்கு மூளை குழம்பிடுச்சா?"

"ஒரு மைல் கூப்பிட்டா ரெண்டு மைல் போகச் சொல்லியிருக்கார் இயேசு. அவர் சொன்னதையெல்லாம் செய்வேன்னு ஞாயித்துக்கிழமை சபையில எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எனக்குப் பிடிச்சதை மட்டும் செஞ்சா அது எப்படி எல்லாம் ஆகும்?"

துஹோ விழுந்து விழுந்து சிரித்தான். "அப்போ என் வீடு வரைக்கும் தூக்குங்க, சபைக்காரம்மா!"

அவன் வீடு குன்றின் உச்சியில் இருந்தது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு படிகள். அன்று பனி வேறு உறைந்திருந்தது. யேரின் ஏறினாள்.

அறுபதாவது படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"இயேசுவே, தோள் வலிக்குது. இவன்மேல கோபம் கோபமா வருது. ரெண்டையும் நீங்களே பாத்துக்குங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் துஹோ காதில் விழுந்துவிட்டது. அவன் சிரிப்பு நின்றது.

"யேரின்... நான் தினமும் உன் கையைப் பாத்துட்டு, கொஞ்சம் லேட்டாத்தான் என் கையைக் காட்டுவேன்."

"தெரியும்."

"தெரியுமா! எப்போலேர்ந்து?"

"முதல் நாளே."

"அப்புறம் ஏன் ஆட வந்தே?"

"நீ ஏமாத்துறேன்னு உன்கூட யாரும் வர்றதில்ல. நீ தனியாத்தானே வீட்டுக்குப் போற?"

துஹோவின் காதுமடல் சிவந்தது. குளிரால் அல்ல. சட்டென்று தன் பையைப் பிடுங்கிக்கொண்டான். அவளுடைய பையையும் சேர்த்து மாட்டிக்கொண்டு, மீதிப் படிகளை மூச்சு வாங்க ஏறினான்.

வாசலில் நின்ற அவன் அம்மா வாயைப் பிளந்தாள். "அட! நம்ம வீட்டுக்கு உன் சிநேகிதி வந்திருக்காளா? உள்ள வாம்மா, உள்ள வா!"

சுடச்சுட வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு வந்தது. துஹோ கடிக்க வாயைத் திறந்தான். எதிரே யேரின் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டான். ஆவி பறக்கும் கிழங்கைக் கைமாற்றிக் கைமாற்றி ஊதியபடி, அவள் "ஆமென்" சொல்லும்வரை காத்திருந்தான்.