மாரப்பனுக்கு முதலில் பால் தெளித்தவர்

பெருமாள்சாமிக்கு முட்டிவலி, வந்தவருக்கோ அதைவிடப் பெரிய வலி. பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்திய மாரப்பனின் மனைவி தெய்வாத்தாள், கணவரின் காரியம் முடிந்த மறுநாளே அந்தத் துப்பறிவாளரைத் தேடி வந்துவிட்டார்.

"மூணாம் நாள் பால் தெளிக்கப் போனா, சாம்பல் மேல முன்னமே ஆரோ பால் ஊத்தி, பத்தி கொளுத்தியிருக்கறாங்க. அது மகன் பண்ற வேலைங்க. எம்பட சின்னவன் பண்ணல. அப்ப அவருக்கு வேற எங்கியோ ஒரு மகன் இருக்கறான்னு சனம் பேசுதுங்க."

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா?

"உங்க மூத்த மகன்?" என்றார் பெருமாள்சாமி.

"கதிர்வேலு மூணு வருசமா ஷார்ஜாவுலீங்க. வெளிநாட்டுல இருக்கறவங்க வருசத்துக்கு இங்க தங்கறதுக்கு உண்டான நாளெல்லாம், லீவுல வந்து வந்து போனதுல தீந்துபோச்சாமா. மேல ஒரு நாள் இருந்தாலும் அங்க சம்பாதிக்கறதுக்கும் இங்க வரி போடுவாங்கன்னு வரல. போன்லதான் அழுதான். 'அப்பா வேப்பமர நெழல்லதான் இருக்கறாரு, கவலப்படாதீங்கம்மா'ன்னான்."

சுடுகாட்டில் கிடந்த பத்திக் கவரைத் தெய்வாத்தாள் நீட்டினார். உதவியாளர் ரோஸ்மேரி பிடுங்காத குறையாக வாங்கினாள். "இந்தி எழுத்து, அண்ணாச்சி! வடக்கத்திப் பையன் எவனோதான்!"

"எந்த ஊர்ல செஞ்சதுன்னு பாரு."

கைபேசிக் கேமராவில் காட்டிப் படித்தாள். "காத்மாண்டு, நேபாளம்."

பெருமாள்சாமி கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தொழிலில் கண்டுபிடிப்பது சுலபம், சொல்வதுதான் பாடு. அலுப்பாக இருந்தது.

"சிதைய வழக்கமான இடத்துலயா வச்சீங்க?"

"இல்லீங்க. மழத்தண்ணி நின்னுது. வேப்பமரத்தடிக்கு மாத்துனோம்."

"அத மூத்தவர்கிட்டச் சொன்னது யாரு?"

தெய்வாத்தாள் யோசித்தார். "நானுஞ் சொல்லலீங்க. சின்னவன் அவங்கூடப் பேசறதே இல்லீங்க."

"அப்ப அவரு நேர்லதான் பாத்திருக்காரு. ஷார்ஜாவுல இருந்து காத்மாண்டுக்கு பிளேன். அங்கிருந்து ரோட்டு வழியா எல்லையத் தாண்டினா நம்மாளுக்குப் பாஸ்போர்ட்ல இந்தியாவுக்குள்ள வந்த முத்திரை விழாது."

"முத்திரை இல்லன்னா நாள் கணக்குல வராதா, அண்ணாச்சி?" என்றாள் ரோஸ்மேரி.

"வரும். சட்டத்துக்கு நாள் நாள்தான். மாட்ட மாட்டோம்னு ஒரு நப்பாசை." அவர் தெய்வாத்தாள் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு வேற மகன் கிடையாது. பால் ஊத்துனது உங்க மூத்த மகன்தான்."

தெய்வாத்தாள் நெஞ்சில் கை வைத்தார். "என்ற சாமி, உங்களப் போயி சந்தேகப்பட்டனே" என்று இறந்தவரிடம் அழுதார். பாரம் இறங்கிய அழுகை அது. ரோஸ்மேரிக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

பெருமாள்சாமிக்கு மலரவில்லை. அவர் பயந்தபடியே அழுகை சட்டென்று நின்றது.

"சுடுகாடு வரைக்கும் வந்தவனுக்கு அங்கிருந்து எங்க ஊடு கூப்புடு தூரந்தானுங்க," என்றார் தெய்வாத்தாள் மெதுவாக. "பால் தெளிக்கறதுக்கு முந்துன ராத்திரி விடியமுட்டும் நானு வாசப்படியிலயேதான் உக்காந்திருந்தனுங்க."