அவள் பெயரில் வந்த பில்

இரண்டாம் தாரமாக அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்றே பவுடர் வாசனை அடித்தது. பூட்டிக் கிடந்த படுக்கையறையின் ஜன்னலைத் திறந்து பல மாதம் ஆகியிருக்கும். மூத்தவள் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் பவுடர் மட்டும் போகவில்லை. அலமாரியைத் திறந்தேன். அவளுடைய போன், துடைத்து, சார்ஜ் ஏற்றி வைத்திருந்தது.

"இதை எதுக்குங்க வச்சிருக்கீங்க?"

"கனெக்‌ஷனை வெட்ட மனசு வரல," என்றார் என் வீட்டுக்காரர்.

மாதாமாதம் அவள் பெயருக்கு பில் வரும், இவரும் மறக்காமல் கட்டுவார். என்னை ஒரு வார்த்தை சாப்பிட்டாயா என்று கேட்க மட்டும் மறந்துவிடுவார். எனக்கு வயிறு எரிந்தது. உயிரோடிருக்கிற சக்களத்தி என்றால் குடுமியைப் பிடிக்கலாம். செத்தவளிடம் எதைப் பிடிப்பது?

அந்த இணைப்பை வெட்டிவிட, அவருக்குத் தெரியாமல் போன் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் கவுன்டர் பெண். இறந்துவிட்டாள் என்றால் சான்றிதழ் கேட்பார்கள், அது என் வீட்டுக்காரர் பூட்டி வைத்த பீரோவில் இருந்தது.

"நான்தாம்மா அவங்க," என்றேன்.

அலமாரியில் கிடந்த மூத்தவளின் அடையாள அட்டையை நீட்டினேன். அட்டைப் படத்தில் யார்தான் தன் முகத்தோடு இருக்கிறார்கள்? கவுன்டர் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தகவல் சொல்ல இன்னொரு நம்பர் கேட்டாள். என் நம்பரைக் கொடுத்து, மூத்தவள் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுவிட்டு, ஜெயித்த மாதிரி வீடு திரும்பினேன்.

அடுத்த மாதம் பில் வந்தது. பெயர் அவளுடையது, நம்பர் என்னுடையது.

கீழே விவரம் இருந்தது. தினமும் மத்தியானம், என் போனிலிருந்து அவர் போனுக்கு நீளநீளமான அழைப்புகள். அந்த நேரத்தில் நான் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருப்பேன். வேலை முடியும்வரை போன் மேசை டிராயரில்தான், அது டாக்டரம்மா சட்டம்.

டிராயர் சாவி என் இடுப்பில் இருக்கும்.

மறுபடி அந்த ஆபீசுக்கு ஓடினேன். "பழைய நம்பரை எடுத்தாச்சும்மா. இந்த நம்பர் உங்க பேர்ல சேர்ந்திருக்கு. அன்னிக்கு நீங்கதானே வந்தீங்க?" என்றாள் அதே பெண்.

அது நான் இல்லை என்றால் கள்ளக் கையெழுத்து வெளியே வரும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சாப்பிட்டார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"மத்தியானம் யார்கூட அவ்ளோ நேரம் பேசறீங்க?"

"இதென்ன கேள்வி? உன்கூடத்தான். நேர்லதான் எரிஞ்சு விழற. போன்ல எவ்ளோ தன்மையா பேசற! இப்பத்தான் உன்னை எனக்குப் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை அது. சம்பாதித்துக் கொடுத்தது எவளோ. உண்மையைச் சொன்னால் அந்த வார்த்தையும் போய்விடும், சொல்லாவிட்டால் அவரே போய்விடுவார்.

மறுநாள் லீவு போட்டேன். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிர்ப்புறம் நின்றேன். போனைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

உள்ளே அவர் போன் அடித்தது.

என் போன் அணைந்த திரையோடு கைக்குள்தான் இருந்தது.

அவர் எடுத்துக் காதில் வைத்தார். சிரித்தார். யாரோ கிண்டல் செய்ததுபோல் வெட்கப்பட்டார்.

அவர் நம்பரை அழுத்தினேன். "இந்த எண்ணிலிருந்து அழைப்பு நடந்துகொண்டிருக்கிறது," என்றது பதிவுக்குரல்.

சாலையைக் கடந்து ஓடிக் கடைக்கதவைத் தள்ளினேன்.

"வைங்க போனை! அது நான் இல்லைங்க!"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கடைக்கு வருகிற எல்லோரிடமும் காட்டுகிற அதே மரியாதையோடு நாற்காலியைக் காட்டினார்.

"கொஞ்சம் உக்காருங்கம்மா. என் வீட்டுக்காரி லைன்ல இருக்கா."