வழுவழுப்புப் போகும்வரை

ஒன்பது நாளைக்கு முன் ஊற்றிய சவர்க்காரம் அன்றைக்கும் சூடாக இருந்தது. பெட்டியை மூடியிருந்த சாக்கை விலக்கி, கட்டிகளாக வெட்டுவதற்குக் கத்தியை வைத்தபோதுதான் சீதேவி அதைக் கவனித்தாள். ஊற்றிய அன்றைக்குச் சூடு வருவது வழக்கம். கோஸ்டிக் சோடாவும் எண்ணெயும் சேர்ந்து காய்ச்சல்காரன் மாதிரிக் கொதித்து, மறுநாள் விடிய ஆறிக் கல்லாகிவிடும். இது ஆறவில்லை. கொதிக்கவும் இல்லை. படுத்திருந்தவர் இப்போதுதான் எழும்பிப் போன பாயில் இருக்கிற சூடு.

அவள் பயப்படவில்லை. பயப்படுவதற்கு அவளிடம் என்னதான் மிச்சம் இருந்தது? ஒன்பது நாளாய் உடம்பு முழுக்க விறைத்துக் கிடந்தது. சாப்பிட்டாளா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்லவேண்டும். விரல் நுனிகளோ அதற்கு முன்பே விறைத்தவை. சோடாவோடு மாரடிக்கிற கைக்குச் சூடும் குளிரும் ஒழுங்காகத் தெரியாது. கைதான் பொய் சொல்கிறது என்று நினைத்துச் சாக்கைத் திரும்ப இழுத்து மூடினாள்.

தீவுக் கிராமமான கரம்பொன்னில் சவர்க்காரம் காய்ச்சுகிற வீடு அது ஒன்றுதான். பொருளாதாரத் தடை வந்து, கடைகளில் சவர்க்காரம் என்ற பேரே இல்லாமல் போன தொண்ணூறாம் ஆண்டுக் கடைசியில் அவளுடைய புருசன் பாலசிங்கம் தொடங்கிய தொழில். தெற்கே ஒரு பட்டினத்துச் சவர்க்கார ஆலையில் பதினாறு வருடம் நின்றவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தோடு வேலையும் இல்லை, வீடும் இல்லை. கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது உடுத்திருந்த சாரத்தையும் தலைக்குள் இருந்த தொழிலையும் தவிர அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தொழிலை அவர் பூசை மாதிரிச் செய்தார். ஒரு கட்டி வாங்க வருகிற ஆளையும் இருத்திவைத்து, துணி ஆலையும் கடதாசி ஆலையும் இந்தக் கோஸ்டிக் சோடாவில்தான் ஓடுகின்றன என்று பிரசங்கம் வைப்பார். தண்ணீருக்குள் சோடாவைப் போடவேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் சீறி முகத்தில் அடிக்கும். அலுமினியச் சட்டியைக் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது, அரித்து ஓட்டையாக்கிவிடும். தகரத்தின் மூடியை இறுக்காமல் விட்டாலோ, கடற்காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் இழுத்துத் தானாகவே கரைந்து ஒழுகும். கையுறைக்கு எங்கே போவது? இருவரும் சொப்பிங் பைகளை மணிக்கட்டில் நூலால் கட்டிக்கொள்வார்கள். கண்ணுக்கு யாரோ விட்டுப்போன மோட்டார்சைக்கிள் கண்ணாடி ஒன்று இருந்தது, அதை மாறி மாறிப் போடுவார்கள்.

ஒருநாள் அவளுடைய முழங்கையில் ஒரு சொட்டுப் பட்டுவிட்டது. புளி சோடாவை முறிக்கும் என்று அவள் தேசிக்காய் எடுக்கக் குசினிக்கு ஓட, அவர் பிடித்து இழுத்துக் கிணற்றடியில் இருத்தி, தோலின் வழுவழுப்புப் போகும்வரை, கால்மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றினார். நோகவில்லையே, ஏன் இவ்வளவு என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அசிட் பட்டால் உடனை கத்துவீர். இது சத்தம் போடாமல் உள்ளுக்குப் போகும். இந்த வழுவழுப்பு சோடாவின்ரை இல்லை, உம்மடை கொழுப்பு. உம்மைச் சவர்க்காரமாக்கிக்கொண்டு இருக்குது."

அதற்குப் பிறகு சீதேவி தன்பங்குக்கு ஒரு சட்டம் போட்டாள். சோடாவோடு நின்றவர் கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்த்துத் தோயாமல் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. செத்தவீட்டுக்குப் போய் வந்தவனை நடத்துகிற மாதிரி நடத்துகிறீர் என்று அவர் பகிடி பண்ணுவார். பகிடி பண்ணினாலும் ஒருநாளும் மீறியதில்லை.

ஒன்பது நாளைக்கு முன் காலையில் சவர்க்காரத்தைப் பெட்டியில் ஊற்றிவிட்டு, சோடா வாங்க யாழ்ப்பாணம் போனார். சண்டையால் பண்ணைப் பாதை பூட்டிக் கிடந்ததால் அராலித் துறையால் களப்புக் கடலைக் கடந்து வள்ளத்தில்தான் போக்குவரத்து. திரும்பி வந்த வள்ளம் கரைக்கு வரவில்லை. நாலு பேரில் மூன்று பேரைக் கடல் கொண்டுவந்து போட்டது. நாலாவது ஆள் பாலசிங்கம். அவர் இரண்டு தகரம் சோடாவை மடிக்குள் அணைத்துக்கொண்டு இருந்ததை அராலியில் கண்டவர்கள் இருந்தார்கள்.

நேற்று எட்டாம் நாள். அவருடைய தங்கை இரஞ்சிதம் வந்து, எட்டுச் செலவுச் சடங்கையாவது செய்யவேண்டும், ஊர் கதைக்கிறது என்று மெல்லச் சொன்னாள். உடம்பு வராத செத்தவீட்டைத் தான் எடுக்கப்போவதில்லை என்று சீதேவி ஒரே பிடியாய் நின்றாள். அவர் வந்து, உள்ளே தன்னுடைய கதிரையில் இருந்து, ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு முன் தாலிக்கொடியில் எவரும் கை வைக்கக்கூடாது.

பெட்டியை மூடிவிட்டுச் சவர்க்காரக் கொட்டிலால் வெளியே வந்தபோது உச்சி வெயில். நிழல் என்பது காலடியில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கிடந்தது. வேலிக்கு அப்பால் பனங்காணியின் ஓலைகள் காற்றில் எப்போதும் உரசிக்கொண்டேயிருக்கும் சத்தம், காதுக்குப் பழகிப்போய்க் கேட்காமலேயே கேட்கிற அந்தச் சரசரப்பு, அன்றைக்கு நின்றுபோயிருந்தது. காகம் இல்லை. அயல் வீடுகள் பாதி வெறுமை. ஆட்கள் அக்கரைக்குப் போய்விட்டார்கள். இலுப்பெண்ணெய்யின் கசந்த மணமும், அதற்கு அடியில் களப்புச் சேற்றின் உப்பு மணமும், வழக்கத்தை விடக் கிட்டத்தில், யாரோ ஈர உடுப்போடு பக்கத்தில் வந்து நின்றால் வருமே, அப்படி வந்தது.

வேலிப் படலை திறந்து கிடந்தது. காலையில் அவள்தான் கயிறு போட்டுக் கட்டினாள். போய்த் திரும்பக் கட்டப் பார்த்தாள். கயிறு விரலுக்குள் நிற்கவில்லை. வழுக்கியது. மோந்து பார்த்தாள், மணம் இல்லை. விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தாள்.

அந்த வழுவழுப்பை அவளுக்குத் தெரியாதா?

கொட்டிலுக்குத் திரும்பி ஓடிப்போய்த் தகரத்தைப் பார்த்தாள். மிச்சமாய்க் கிடந்த அரை இறாத்தல் சோடா, மூடி இறுக்கினபடி, ஒரு துளி ஒழுகாமல் அப்படியே இருந்தது. இங்கே இருந்து போகவில்லை. வெளியே இருந்து வந்திருக்கிறது. படலையில் இருந்து வீட்டைச் சுற்றி, மண்ணில் ஈரமான அடையாளங்கள். ஒரு பாத அளவு. பிறகு இன்னொன்று. அவை வாசற்படி வரை போய், படியில் ஏறாமல், கிணற்றடிப் பக்கம் திரும்பியிருந்தன.

"சீதேவி."

அவருடைய குரல். கிணற்றடியில் இருந்து.

"தோயவேணும். தண்ணி அள்ளும்."

அவள் ஓடினாள். நெஞ்சு வெடிக்கிற சந்தோசம் என்று சொல்வார்களே, அதுதான் வந்தது. ஒன்பது நாள் விறைப்பும் ஒரு கணம் விட்டுப்போனது. தோய்கிற கல்லில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாலசிங்கம் இருந்தார். அதே நீலச் சேட்டு. அதே சாரம். எங்கே இருந்தனீங்கள், எப்படி வந்தனீங்கள் என்று கேட்டுக்கொண்டே கிட்டப் போனவள் நின்றாள். பின்கழுத்தில் மயிர் ஒன்றும் இல்லை. வெள்ளை. வெட்டாத சவர்க்காரக் கட்டி போல மழமழவென்று.

அவர் திரும்பினார். முகம் அவருடையதுதான். புருவம் இல்லை. மடியில் மலர்த்தி வைத்திருந்த உள்ளங்கைகளில் ரேகை இல்லை.

"முதல் ஊத்தும். பிறகு கதைப்பம். உள்ளுக்கு வரவேணும்."

வேறு என்ன செய்வது? சோடா பட்டவருக்குத் தண்ணீர்தான். வாளியை விட்டாள், அள்ளினாள், தலையில் ஊற்றினாள்.

நுரை வந்தது.

அந்தக் கிணற்றின் உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைப்பதே அருமை. இப்போது பால் பொங்குகிற மாதிரித் தோளால் வழிந்தது. அவள் இரண்டாவது வாளி ஊற்றி, வழக்கம்போல முதுகைத் தேய்த்தாள். கை கொஞ்சம் உள்ளே போனது.

எடுத்துவிட்டாள். முதுகில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"நோகுதோ?"

"நோகேல்லை. ஊத்தும்."

மூன்றாவது வாளியில் ஒரு காது இல்லாமல் போனது. விழவில்லை. மெலிந்து, மெலிந்து, நுரையோடு போனது. சீதேவி வாளியைக் கீழே வைத்தாள். இனி ஊற்றமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அவர் கத்தத் தொடங்கிவிட்டார். உடம்பில் இருந்து ஆவி எழும்பியது. வெயில் பட்ட இடமெல்லாம் சிவந்து சுருங்கியது. கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அவர் கத்தி அவள் கேட்டதில்லை. ஆலை போனபோதும் கத்தவில்லை.

"எரியுது. நிப்பாட்டாதையும். ஐயோ, சீதேவி, நிப்பாட்டாதையும்."

ஊற்றினாள். கத்தல் நின்றது. ஒரு தோள் குறைந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. ஊற்றினால் நோகாது, ஆனால் ஆள் குறைவார். ஊற்றாவிட்டால் ஆள் இருப்பார், எரிந்துகொண்டு. இரண்டில் ஒன்றை அவள்தான் எடுக்கவேண்டும். எடுத்தாள். அழவில்லை, விறைப்புத் திரும்ப வந்து, காலில் இருந்து மேலே ஏறி, நெஞ்சில் தங்கிவிட்டது. வாளி. கப்பி. தண்ணீர். வாளி. கப்பி. தண்ணீர். எத்தனையாவது என்று தெரியாது. வெயில் சாய்ந்தது. நுரை வாய்க்காலை நிறைத்து வாழைப் பாத்திக்குள் போனது. நீலச் சேட்டு வெறுமையாய்க் கல்லில் படிந்தது.

படலையில் இரஞ்சிதத்தின் குரல் கேட்டது. "மச்சாள், ஆரோடை கதைக்கிறியள்?"

"அண்ணை தோயிறார்," என்று சீதேவி சொன்னாள். "கொஞ்சம் நில்லுங்கோ."

அடுத்த வாளியை இழுக்கக் கயிறு நழுவியது. மறுபடி பிடித்தாள், மறுபடி நழுவியது. குனிந்து பார்த்தாள். நகங்கள் இல்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உருண்டு, நுனி தேய்ந்து கிடந்தன. முழங்கை வரை வெள்ளை. தட்டிப் பார்த்தாள். நோகவில்லை.

கல்லில், நுரைக்குள், இப்போது ஒரு பனங்காய் அளவுதான். அதில் வாய் மட்டும் இருந்தது. அது திறந்தது.

"இனி உள்ளுக்கு வரலாமோ?"

சீதேவி குனிந்து பார்த்தாள். நுரை இன்னும் நிற்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள். கயிற்றை இரண்டு மணிக்கட்டுக்கும் இடையில் இறுக்கிக்கொண்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். பின்னால் இரஞ்சிதத்தின் காலடி வந்து நின்றது. கல்லில் அந்த வாய், தண்ணீருக்காக, பொறுமையாகத் திறந்தபடி இருந்தது.