கேட்காத பத்துக் கேள்விகள்

போன் அலறியது.

ஸ்பீச் தெரபிஸ்ட் படக் கார்டுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். கப், சீப்பு, குடை, சாவி... கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"மேடம், உடனே நாலாவது மாடி வார்டுக்கு வாங்க. போலீஸ் வந்திருக்கு!" நர்ஸின் குரலில் பரபரப்பு.

"போலீஸா? நான் என்ன பண்ணினேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை... இனிமேதான் பண்ணணும்!"

நர்ஸ் விளையாட்டாகத்தான் சொன்னாள். அது இப்படிப் பலிக்கும் என்று யார் கண்டது?

அவளுக்கு இருபத்து நாலு வயது. வேலைக்குச் சேர்ந்து ஏழே மாதம். மூளையில் அடிபட்டுப் பேச்சை இழந்தவர்களுக்கு அதை மீட்டுக் கொடுப்பது அவள் வேலை. ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு அது தெரியாது. 'மேடையில பேசக் கத்துக் குடுப்பீங்களா?' என்று லிஃப்ட்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். 'பேச்சு மேடம்' என்று பட்டப்பெயர் வேறு!

அப்படிப்பட்டவளைப் போலீஸ் தேடுகிறது என்றால் சும்மாவா? லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினாள்.

ஜன்னலோரக் கட்டிலில், தலையில் கட்டோடு அச்சகக்காரர் படுத்திருந்தார். அறுபத்தைந்து வயது. கீழே அச்சகம், மேலே வீடு. மூன்று நாள் முன்பு பட்டப்பகலில், மாடிப்படியின் அடியில் ரத்த வெள்ளத்தில் கிடந்தவரை வீட்டோடு இருந்த மருமகன்தான் தூக்கி வந்து சேர்த்தான். உயிர் தங்கிவிட்டது. பேச்சு போய்விட்டது. வலது கையும் விழுந்துவிட்டது.

கட்டிலருகே இன்ஸ்பெக்டர். தொப்பி கக்கத்தில்.

"வாங்க டாக்டர்!"

டாக்டர்!

ஏழு மாதத்தில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'நான் டாக்டர் இல்லை சார்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

"இவர் தானா விழலை, யாரோ தள்ளியிருக்காங்கன்னு ரிப்போர்ட் சொல்லுது. யாருன்னு இவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். நான் கேட்டா முழிக்கிறாரு. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

"அன்னிக்குக் காலையில மாப்பிள்ளைக்கும் அண்ணனுக்கும் பெரிய சண்டை சார்..."

சொன்னவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அச்சகக்காரரின் தம்பி. அச்சகத்தில் அண்ணனுக்கு எல்லாமே அவர்தான். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

அவள் பையில் ஒரு படிவம் இருந்தது. அதில் பத்துக் கேள்விகள். பேச்சை இழந்தவரிடம் எதையும் கேட்பதற்கு முன்னால், பதில் நமக்கே தெரிந்த அந்தப் பத்தையும் கேட்க வேண்டும். 'நாய் பறக்குமா?' 'நீங்க ஆம்பளையா?' இப்படி. அதற்கெல்லாம் சரியாகச் சொன்னால்தான் அவருடைய ஆமாவும் இல்லையும் செல்லும். படிப்பில் முதல் வருடமே சொல்லிக் கொடுக்கிற விஷயம்.

"சார், ஒரு பத்து நிமிஷம்... முதல்ல சில சாதாரணக் கேள்விகள்..."

இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். "பத்து நிமிஷமா? மேலிடத்துல இருந்து மூணு தடவை போன் வந்தாச்சு டாக்டர். நேரா விஷயத்துக்கு வாங்க!"

வந்தாள். அங்கேதான் வந்தது வினை!

"ஐயா, உங்களை யாராவது தள்ளிவிட்டாங்களா?"

"ஆமா."

கணீரென்ற குரல்! இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"யாரு? உங்க மருமகனா?"

"ஆமா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மருமகன்தானே?"

"ஆமா... ஆமா!"

தம்பி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினார்.

"பிரமாதம் டாக்டர்! சாயங்காலத்துக்குள்ள எழுத்துல குடுத்துடுங்க."

ரிப்போர்ட்டோடு அந்தப் படிவத்தையும் இணைக்க வேண்டும். பத்துக் கட்டங்களும் காலியாக இருந்தன.

'இவ்வளவு தெளிவாப் பேசறவர் இதுக்கெல்லாம் சரியாத்தானே சொல்லியிருப்பார்?' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பேனாவை எடுத்தாள்.

பத்துக்கும் பத்து டிக்!

அன்று மாலையே மருமகன் கையில் விலங்கு.

மறுநாள் காலை பத்து மணி. அச்சகக்காரருக்கு முதல் பயிற்சி. அவள் உற்சாகமாகக் கார்டுகளைப் பரப்பினாள். சீப்பின் படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"ஐயா, இது கப்பா?"

"ஆமா."

அவள் சீப்புக் கார்டைக் கீழே போட்டாள். சாவியைக் காட்டினாள்.

"இது... குடையா?"

"ஆமா."

"ஐயா, நீங்க பொம்பளையா?"

"ஆமா."

"நான் உங்க அம்மாவா?"

"ஆமா... ஆமா!"

சொல்லிவிட்டுத் தலையைத் தலையணையில் முட்டிக்கொண்டார். அவர் சொல்ல நினைத்தது வேறு. வாயில் மிஞ்சியிருந்தது அந்த ஒரே ஒரு வார்த்தை.

அடப் பாவமே!

அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. எதிரே சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தன் முகம் தெரிய, திரும்பிக்கொண்டாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"மேடம்..."

வாசலில் ஒரு பெண். அச்சகக்காரரின் மகள். உள்ளே போயிருப்பவனின் மனைவி. வந்தவள் நேராக இவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட கேட்டது நீங்கதானாமே? சித்தப்பா சொன்னார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை!"

"அது... வந்து..."

"இல்லேன்னா அந்த ஆளோட இன்னும் குடும்பம் நடத்திக்கிட்டு இருந்திருப்பேன். ஒன்பது வருஷம் மேடம்! துணிமணியெல்லாம் மூட்டை கட்டி வெளியில வெச்சுட்டேன். ஸ்டேஷன் பக்கம்கூடப் போகலை. அந்த மூஞ்சியில இனிமே முழிப்பேனா?"

சொல்! இப்போதே சொல்! என்றது மனசு.

"நீங்க... காபி சாப்பிட்டீங்களா?"

அவ்வளவுதான் வந்தது. ஊருக்கெல்லாம் பேச்சு வரவழைக்கிறவளுக்கு!

இரண்டு நாள் அப்படியே போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. 'உடம்பு சரியில்லையா?' என்று நர்ஸ் கேட்டதற்குத் தலைவலி என்றாள். அந்தப் பத்து டிக்கும் பொய் என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததே, அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஸ்டேஷன் படியேறினாள்.

"அடடே, வாங்க டாக்டர்! பேப்பர் பார்த்தீங்களா? என் போட்டோ எப்படி?"

"சார், அவர் சொன்ன ஆமா செல்லாது."

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னது?"

"அவருக்கு எதைக் கேட்டாலும் ஆமாதான் வருது. கேட்க வேண்டிய பத்துக் கேள்வியை நான் கேட்கலை. கேட்டதா டிக் போட்டேன். அத்தனையும் பொய் டிக்."

இன்ஸ்பெக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது வேற யாருக்கும்மா தெரியும்?"

டாக்டர் அம்மாவாகிவிட்டாள்!

"யாருக்கும் தெரியாது சார்."

"அப்ப நம்ம ரெண்டு பேரோடயே இருக்கட்டுமே. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"ஆஸ்பத்திரி சூப்பரின்டென்டென்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். இது உங்க காப்பி." கடிதத்தை மேஜையில் வைத்தாள். "அப்புறம்... நான் டாக்டரும் இல்லை சார். அதை அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

இன்ஸ்பெக்டர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பல்லைக் கடித்தார்.

"ஆமா செல்லாதுன்னா, அவன் தள்ளலைன்னு ஆயிடாது. வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் அவன் உள்ளதான் இருப்பான். போய் ஒழுங்கா விசாரிச்சுட்டு வா!"

ஆஸ்பத்திரியில் மெமோ கொடுத்தார்கள். இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று அச்சடித்த எழுத்தில் இருந்தது. அவள் ஏறினால் லிஃப்டில் பேச்சு நின்றது. இனி அவள் தனியாகப் பரிசோதனை செய்யக் கூடாது என்று தலைமை தெரபிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். அவள் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தாள்.

இந்தத் தடவை நோயாளியின் வாயை நம்பவில்லை. அச்சகக்காரரின் இடது கையைப் பிடித்தாள்.

"ஐயா, பேச வேண்டாம். விரலால தொடுங்க. எது சாவி?"

முதல் நாள் பத்துக்கு மூன்று. நாலாம் நாள் ஏழு. எட்டாம் நாள் பத்துக்குப் பத்து! மறுபடி கேட்டாள். பத்து! படங்களை மாற்றிப் போட்டுக் கேட்டாள். பத்து! தலைமை தெரபிஸ்ட் கையெழுத்துப் போட்டார்.

"உங்க வீட்டுக்கும் அச்சகத்துக்கும் வந்து போற அத்தனை பேர் போட்டோவும் வேணும் சார்," என்று தம்பியிடம் கேட்டாள்.

"என் அண்ணனுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?" என்று மறுநாளே ஒரு கவர் கொண்டுவந்தார்.

கட்டிலைச் சுற்றி இன்ஸ்பெக்டர், தலைமை தெரபிஸ்ட், தம்பி. முதலில் பழைய கார்டுகளைக் கேட்டாள். அத்தனையும் சரி. பிறகு கவரைப் பிரித்தாள். ஆறு போட்டோக்கள். மகள், மருமகன், மெஷின் ஓட்டுகிறவர், பைண்டிங் பெண், வாட்ச்மேன், பக்கத்து வீட்டுக்காரர்.

"ஐயா, நீங்க விழுந்தப்போ படியில உங்ககூட இருந்தது யாரு?"

அச்சகக்காரர் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு போட்டோவாக எடுத்தார். கீழே வைத்தார். திருப்பிப் பார்த்தார். காலிக் கவரைத் தூக்கி உதறினார்.

இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்தார். "என்னம்மா, இதுவும் புட்டுக்கிச்சா? என்னதான் தேடறாரு?"

அவளுக்குப் பளிச்சென்று உறைத்தது!

"இங்க இல்லாத போட்டோவைத் தேடறாரு சார்." மெல்லத் திரும்பினாள். "வந்து போற எல்லாரோட போட்டோவும் கேட்டேனே... உங்களுது எங்க சார்?"

தம்பியின் முகம் வெளுத்தது. "எ... என்னுது எதுக்கு? நான் கூடப்பொறந்தவன்!"

அதற்குள் அந்த இடது கை எழுந்துவிட்டது. போட்டோக்களைத் தாண்டி, கால்மாட்டைத் தாண்டி, நேராகத் தம்பியின் நெஞ்சுக்கு நீண்டது. அச்சகக்காரரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"மூளை கலங்கினவன் விரலை நம்புறீங்களா இன்ஸ்பெக்டர்?" தம்பி கத்தினார். "இவளே பொய் ரிப்போர்ட் எழுதி மெமோ வாங்கினவ!"

சுருக்கென்றது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லையே!

"எழுதினேன் சார். அதனாலதான் சொல்றேன்." இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "இந்த விரலை மட்டும் வெச்சு யாரையும் பிடிக்காதீங்க. போய்த் தேடிப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் தேடினார். அன்று மத்தியானமே அச்சகத்தில், பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால், முந்நூறு போலிச் சான்றிதழ்கள்! அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்துத் தம்பி அடித்தவை. அண்ணன் ஒரு கட்டைப் பார்த்துவிட்டார். போலீஸுக்குப் போகிறேன் என்று படியிறங்கியவரின் முதுகில் விழுந்தது தம்பியின் கை. மாலைக்குள் எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

மறுநாள் காலை.

அவள் அறை வாசலில் ஒருவன் நின்றான். இரண்டு வாரத் தாடி. கசங்கிய சட்டை. மருமகன்!

அவள் எழுந்து நின்றாள். நோயாளி உட்காரும் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான்.

"மன்னிச்சிடுங்கன்னு கேட்கக்கூட எனக்கு அருகதை இல்லை," என்றாள். "தெரிஞ்ச அப்புறமும் ரெண்டு நாள் மறைச்சேன். உங்க வீட்டம்மா என் கையைப் பிடிச்சு நன்றி சொன்னாங்க. அப்பவும் வாயைத் திறக்கலை. வெட்கமா இருக்கு சார்."

அவன் மேஜை மேலிருந்த கார்டு ஒன்றை எடுத்துத் திருப்பினான்.

"கோபம் இருக்கு மேடம். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்களா வந்து எழுதிக் குடுத்தீங்கன்னு இன்ஸ்பெக்டர் சொன்னார். அதுக்கு மேல என்ன சொல்ல?"

"வீட்டுக்குப் போகலையா?"

"மூட்டையைப் பிரிச்சுத் துணியெல்லாம் அடுக்கி வெச்சுட்டாளாம். வாங்க வாங்கன்னு போன்ல ஒரே அழுகை. போகணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேட்கலாமா?"

"கேளுங்க."

தாடியைச் சொறிந்துகொண்டு அவன் சொன்னான்:

"பேச்சே வராத என் மாமனார்கிட்ட நீங்க மூணு கேள்வியாவது கேட்டீங்க. நல்லாப் பேசற என்கிட்ட என் பொண்டாட்டி ஒண்ணுகூடக் கேட்கலை... அவளை எந்த வார்டுல சேர்க்கலாம் மேடம்?"