வெரோமிலா ஃபோர்ட்

வழுதி பெயர் வைத்தால் வலி பறந்துவிடும். மாத்திரையில் மாவைத் தவிர ஒன்றும் கிடையாது. வேலை பார்ப்பதெல்லாம் பெயர்தான். கோவையில் அவருடைய நிறுவனம் வைத்திருந்த பெயராக்கி என்ற இயந்திரம், எந்த ஓசையைக் கேட்டால் மனித மூளை தன் வலிநீக்கியைத் தானே சுரக்கும் என்று கண்டுபிடித்துச் சொல்லும். அந்த ஓசைகளைக் கோத்து மருந்தாக்குவது வழுதியின் வேலை. நிஜ மருந்து தயாரித்த ஆலைகளை வீண்செலவு என்று எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். ஒரே நிபந்தனை, விழுங்குகிறவருக்கு இது தெரியக் கூடாது.

மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கியவருக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது ஒத்துவரவில்லை. மெச்சிக்கொள்ள ஓர் ஆளாவது வேண்டாமா? சாயங்காலம் காபி குடிக்கும்போது மனைவி செண்பகாவிடம் புதுப் பெயரைக் கழற்றிக் காட்டுவார்.

“வெரோமிலா ஃபோர்ட். எப்படி இருக்குது? ‘வெரோ’ லத்தீன், உண்மைன்னு அர்த்தம். ஒருத்தனுக்கும் புரியாது, அதனாலதான் நம்புவான். ‘மிலா’ பால் குடிச்ச குழந்தை உளறற சத்தம். ‘ஃபோர்ட்’னா பலம். அது இல்லாட்டி நம்மூர்ல ஒருத்தனும் பெட்டியத் தொடமாட்டான்.”

“பாவமுங்க சனங்க” என்று செண்பகா வயிறு குலுங்கச் சிரிப்பாள்.

“பாவமென்ன பாவம்? பேரைப் பாத்து முழுங்கற கூட்டம், அம்மிணி.”

எதிர்வீட்டு ரங்கநாயகி அந்த மாத்திரையால் முழங்கால் வலி தீர்ந்து கோயிலுக்கு நடக்க ஆரம்பித்தபோதும், இருவரும் சன்னலோரம் நின்று சிரித்தார்கள்.

ஆடி மாதம் செண்பகாவுக்கு முகநரம்பு வலி வந்தது. சோறு மெல்ல முடியவில்லை. காற்று பட்டால்கூடக் கன்னத்தில் கத்தி இறங்கியது. மருத்துவரும் வெரோமிலா ஃபோர்ட் மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்தார்.

பெட்டியைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் வலியில் கோணிக்கொண்டது. விழுங்கினாள். ஒன்றும் ஆகவில்லை.

வழுதி அரண்டுபோனார். அவளுக்கென்றே பெயராக்கியிடம் புதுப் பெயர் வாங்கி, பெட்டியில் அச்சடித்து எடுத்துவந்தார். “இது ஜெர்மனிச் சரக்கு. அசல் மருந்து.”

“இந்தப் பேர எந்தப் பாஷைல இருந்துங்க எடுத்தீங்க?” என்றாள் அவள், உதட்டை அசைக்காமல்.

மருந்துக்கடைக்கு ஓடினார். “பேரே இல்லாட்டியும் பரவால்லீங்க. உள்ள மருந்து இருக்கற மாத்திரை வேணும்.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஏனுங்க சார், படிச்சவங்க பேசற பேச்சா இது? மருந்து இல்லாம எவனாச்சும் மாத்திரை விப்பானா?”

வெறுங்கையோடு திரும்பியவர், மனைவியின் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினார். “ஒரே ஒரு தடவை நம்பிப் பாரு. ஊரே நம்புதல்ல?”

“ஊருக்கு யாருங்க பேரக் கழட்டிக் காட்டுனாங்க?”

முனகல் கேட்டு ரங்கநாயகி உள்ளே வந்தாள். இடுப்பிலிருந்து தன் மாத்திரை அட்டையை எடுத்தாள். “இதப் போடு கண்ணு. எனக்குக் கேட்டது உனக்குக் கேக்காதா?”

அதே வெரோமிலா ஃபோர்ட். செண்பகா சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் வாங்கி விழுங்கி, ரங்கநாயகியின் தோளில் சாய்ந்து கண்களை மூடினாள். இறுகியிருந்த முகம் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. வழுதி ஆவலோடு குனிந்து பார்த்தார்.

“நீங்க கொஞ்சம் வெளிய போங்க” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. “உங்க மூஞ்சியப் பாத்தா மருந்து கேக்க மாட்டேங்குது.”